மதகிலிருந்து பனைமரம் வரை

யார் கெடுத்தது என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. எது கெட்டது என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். எப்படிக் கெட்டது என்று கேட்டால் கழற்றிய பாகத்தை உள்ளங்கையில் வைத்து, தேய்ந்த இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டுவார். 'யாரு' என்று ஆரம்பித்தால் போதும், காது கேட்காதவர்போல ஸ்பேனர் தேடக் கிளம்பிவிடுவார். கையில் ஸ்பேனர் இருக்கும்போதே தேடுவார்.

டவுன்ஷிப்பின் நுழைவு வளைவைத் தாண்டி, முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில், பலாப்பழம் குவித்து விற்கிற பந்தல்களுக்கு அடுத்தாற்போல் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. கார் மெக்கானிக் வேலைக்கு எந்தப் புத்திசாலியாவது வெள்ளைச் சட்டை போடுவானா? அவர் போடுவார். தினமும் துவைத்த வெள்ளை முழுக்கைச் சட்டை. நெய்வேலியில் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே வெள்ளைச் சீருடை என்றால் முகம் சுளிப்போம். கொடியில் காயப்போட்டு எடுப்பதற்குள் சுரங்கத்துக் கரித்தூசியில் பழுப்பு நிறத்துக்கு வந்துவிடும். ஏன் இந்த வம்பு என்று ஒருமுறை கேட்டேன்.

"அழுக்கு எங்க பட்டுச்சின்னு தெரியணுமில்லங்க" என்றார்.

ஒருநாள் புதுக் கார் ஒன்றைத் தள்ளிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். கணவன், மனைவி, மனைவியின் தம்பி. பெட்ரோல் வண்டியில் டீசல் ஊற்றியாகிவிட்டது. பங்கில் நீதானே நின்றாய், நீதானே கை காட்டினாய் என்று மூவரும் கொட்டகை வாசலிலேயே பஞ்சாயத்து வைத்தார்கள். கடைசியில் கணவன், "அண்ணே, நீங்களே சொல்லுங்க, இதுல யாரு மேல தப்பு?" என்று கேட்டுவிட்டார். இவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"டீசல் டேங்க்ல இருக்குது. நீங்க மூணு பேரும் டேங்க் பக்கத்துல நின்னுகினு இருக்கீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இறக்கணும்."

அவ்வளவுதான் தீர்ப்பு.

ஆனால் தப்பு தன்னுடையது என்றால் கதையே வேறு. ஷேர் ஆட்டோ ஒன்றுக்கு ரப்பர் குழாய் மாற்றியபோது அதைப் பிடிக்கிற கிளாம்ப்பைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டார். ஆட்டோ வழியில் நின்றது. ஓட்டியவனை ஸ்டாண்டில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். விஷயம் காதுக்கு வந்ததும் நல்ல உச்சி வெயிலில் வளைவு ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தே போய், எட்டு ஆட்டோக்காரர்கள் நடுவில் நின்று, "கிளாம்ப நான்தான் முறுக்காம வுட்டுட்டேன். இவன் ஓட்டுனதுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த ஸ்டாண்டில் எந்த ஆட்டோ பஞ்சரானாலும், "அண்ணே, இதுவும் உன் தப்பா?" என்று சாலையிலிருந்தே கத்துவார்கள். இவரும் குனிந்து டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இல்லப்பா, இது ஆணி" என்பார். கிண்டல் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் கணக்கு டீச்சர். தப்பு எங்கே என்று சிவப்பு மையில் சுழித்து, யாருடையது என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பலகைக்கு வரவழைப்பதுதான் என் பிழைப்பு. இப்படிப்பட்ட மனிதரோடு எனக்கு ஒத்துப்போக வழியே இல்லை. ஒத்துப்போனதற்குக் காரணம் என் கார்.

சித்திரையில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். பழையதுதான், ஆனால் எனக்கு அது புஷ்பக விமானம். குவார்ட்டர்ஸிலிருந்து காடாம்புலியூரில் என் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவள், அதற்காக ஆறரைக்கே வாசல் தாண்டியவள், திடீரென்று ஏழே முக்காலுக்கு நிதானமாகத் தலைவாரிக்கொண்டு கிளம்பினேன். வழியில் எனக்குப் பிடித்த பாட்டு. எனக்குப் பிடித்த வேகம். நாற்பது வயதில் கிடைத்த சுதந்திரத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

ஐப்பசிக்குப் பிறகு வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை. எதையாவது முந்தலாம் என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால்தான் வினை. என்ஜின் 'ம்ம்ம்' என்று முனகும், வேகம் ஏறாது. மூன்று மெக்கானிக்கிடம் காட்டினோம். ஒருவர் ஸ்பார்க் பிளக் மாற்றினார். ஒருவர் பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார். மூவருமே, நெய்வேலி வழக்கப்படி, முதல் வேலையாகக் காற்று ஃபில்டரைத் திறந்து பார்த்து, "ஃபில்டர் பளிச்சுன்னு இருக்கு" என்று மூடினார்கள். பிறகு மூவருமே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் கணவரிடம் குரலைத் தாழ்த்தி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"மேடம் கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறாங்க போல சார், அதான் இழுக்கல."

என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், சுரங்கத்தில் கன்வேயர் செக்‌ஷனில் பெர்மனென்ட். நாளெல்லாம் தூசியில் நிற்கிறவர் என்பதால் தூசி என்றால் அவருக்கு ஜென்மப் பகை. எங்கள் வீட்டுக் குழாய் வாயில் துணி, தண்ணீர்த் தொட்டிக்குத் துணி, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. டவுன்ஷிப்பில் பாதி வீடு அப்படித்தான். அந்த நல்ல மனிதர்தான் நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "கால், கால்" என்று சொல்ல ஆரம்பித்தார். என் தம்பி போனில் சொன்னான். எதிர் பிளாக் மாமா சொன்னார். எனக்கே என் இடது கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது. காலைத் தூக்கித் தனியாக ஓரமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன். அப்போதும் வண்டி இழுக்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை, முந்திரி மூட்டை ஏற்றிய டிராக்டரை முந்தப் போனேன். பாதி முந்தியாயிற்று, வண்டி அங்கேயே நின்றுகொண்டு முனகுகிறது, எதிரே லாரி. எப்படியோ பின்வாங்கி டிராக்டருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் போய் ஒரு பீரியட் முழுக்க சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அதை வீட்டில் சொன்னது என் முட்டாள்தனம். "போதும்மா. வித்துடலாம். உயிர் முக்கியம். ஞாயித்துக்கிழமை ஒருத்தரை வந்து பாக்கச் சொல்றேன்" என்றார் கணவர். அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன். அங்கே போவது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, வண்டி இழுக்கலை. எல்லாரும் என் ஓட்டுதலைச் சொல்றாங்க" என்றேன்.

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும் டீச்சர். எப்ப இழுக்கல?"

"முந்தும்போது."

"காலையிலயா, சாயங்காலமா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்தேன். "காலையில ரொம்ப மோசம். சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லை."

"பனி பேஞ்சா?"

"ஆமா. பனி அதிகமா இருந்தா இன்னும் மோசம்."

அவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கொட்டகையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மதகு. அங்கிருந்து நேர்ச் சாலை. அதன் கடைசியில் ஒற்றைப் பனைமரம். அதுதான் அவருடைய சோதனைச்சாலை. "நாப்பதுல போயிகினு இருங்க. மதகு வந்ததும் முழுசா அமுக்குங்க. நான் எண்ணுறேன்." குனிந்த தலையோடு எண்ணினார். பனைமரம் வரும்போது இருபத்தொன்று. திரும்பி வந்து இன்னொரு முறை. இந்த முறை நிமிர்ந்து, கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். மறுபடியும் இருபத்தொன்று.

கொட்டகைக்கு வந்து காற்று ஃபில்டரைக் கழற்றினார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். பளிச்சென்று வெள்ளை.

"இது எப்ப மாத்துனது?"

"மாத்தவே இல்லை. வண்டி வாங்கினப்ப போட்டது. எட்டு மாசம்."

அவர் அந்த ஃபில்டரைப் பார்த்தார். தன் சட்டைக் கையைப் பார்த்தார். காலையில் போட்ட சட்டை, மணிக்கட்டில் அப்போதே சாம்பல் பூத்திருந்தது. "எட்டு மாசம்" என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு, ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கிற இடுக்கில் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. அங்கே எதையோ தடவினார். சட்டென்று கையை வெளியே எடுத்துவிட்டார்.

"நாளைக்கு சாரக் கூட்டிகினு வாங்க டீச்சர்."

"என்ன இருக்கு உள்ள?"

"இருக்குது. சார் வரட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! "ஆம்பளை வந்தாத்தான் சொல்லுவீங்களா? அந்த மூணு பேருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தப்பு என் காலுல இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"தப்பு வண்டில இருக்குதுன்னு சொல்றேன்."

"அது போதாது."

"ஆளப் பத்தி நான் சொல்றதில்லைங்க" என்றார். நான் அசையாமல் நின்றதைப் பார்த்து, ஸ்பேனர் தேடப் போகாமல், அவரும் நின்றார்.

"நானும் மைன்ஸ் பக்கம் காண்ட்ராக்ட்ல இருந்தேங்க, கலியாணத்துக்கு முன்ன. ஒரு டிராக்டரு என்ஜின் சுத்தாம பிடிச்சிகிச்சி. யாருய்யா காரணம்னு சூப்பர்வைசர் கேட்டாரு. ஆயில் பாக்காம ஓட்டிட்டான்னு டிரைவர் பேரச் சொன்னேன். அன்னிக்கே அவன நிறுத்திட்டாங்க. மூணு நாள் கழிச்சி என்ஜினப் பிரிக்கிறேன், ஆயில் பம்பு உள்ளயே உடஞ்சி கெடக்குது. அவன் மேல ஒண்ணும் இல்ல."

"போய்ச் சொன்னீங்களா?"

"ஓடிப் போய்ச் சொன்னேன். வேற ஆளப் போட்டுட்டோம்னாங்க. அவன் நல்லாத்தான் இருக்கான், இங்க முந்திரிக் கம்பெனில வேல. எங்கனா பாத்தா நல்லாத்தான் பேசுவான். எனக்குத்தான் பேச்சு வராது."

கேட்க மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என் கோபத்துக்கு அது பதில் இல்லை. "ஓரமா மெதுவாப் போங்க, எதையும் முந்தாதீங்க" என்று அவர் சொன்னதற்குத் தலையைக்கூட ஆட்டாமல் கிளம்பினேன்.

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து கணவர் வந்ததும் கூட்டிப் போனேன். மெக்கானிக் சாவியை என் கணவர் கையில் கொடுத்து, "நீங்க ஓட்டுங்க சார்" என்றார். நான் பின் இருக்கையில். மதகு வந்தது. என் கணவர் அழுத்தினார். என்ஜின் முனகியது. பனைமரத்தில் இருபத்தொன்று.

"இன்னொரு வாட்டி போலாங்க சார்."

இரண்டாம் முறை என் கணவர் இருக்கையிலிருந்து எம்பி எம்பி அழுத்தினார். இருபத்திரண்டு. பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கால், கால்" என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

"என்ன இது, எனக்கே இழுக்க மாட்டேங்குது!" என்றார் கணவர்.

கொட்டகையில் இறங்கியதும் மெக்கானிக் டார்ச்சை என் கணவரிடம் நீட்டினார். "சார், என்ஜின் மூச்சு இழுக்குற குழாயோட வாயி அந்த லைட்டுக்குப் பின்னால இருக்குது. கைய வுட்டுப் பாருங்க. நான் டீ சொல்லிட்டு வரேன்." சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு பலாப்பழப் பந்தல் பக்கம் நடந்துவிட்டார். திரும்பியே பார்க்கவில்லை.

கணவர் மண்டியிட்டுக் கையை விட்டார். கை நின்றது. முகமும் நின்றது. நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உருவி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, 'ஒண்ணுமில்லை, ஏதோ குப்பை' என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த இடுக்கின் இருட்டில் எனக்குத் தெரிந்திருக்காது. அவர் மெதுவாக முடிச்சை அவிழ்த்து, அதை வெளியே எடுத்து, என் கையிலேயே கொடுத்தார்.

இரண்டாக மடித்த துணி. எட்டு மாசத் தூசியும் பனியும் சேர்ந்து அப்பளம்போல விறைத்துக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் மயில்கண் கரை தெரிந்தது. சித்திரையிலிருந்து நான் பீரோ பீரோவாகத் தேடிய அவருடைய பழைய வேட்டியின் பாதி.

"நான்தான் கட்டினேன்" என்றார். "கரித்தூசி உள்ள போயிடக் கூடாதேன்னு. வண்டி வந்த அன்னைக்கே கட்டினது. மறந்தே போச்சு."

குழாய் வாயில் கட்டினமாதிரி கார் வாயிலும் கட்டியிருக்கிறார்! மெதுவாகப் போகும்போது என்ஜினுக்கு அந்தத் துணி வழியாக வந்த காற்றே போதுமாக இருந்திருக்கிறது. முழு மூச்சு இழுக்க வேண்டிய நேரத்தில் திணறியிருக்கிறது. பனியில் துணி நனைந்தால் காலையில் கூடுதல் திணறல். ஃபில்டர் வெள்ளையாக இருந்ததும் அதனால்தான். மூன்று பேர் அந்த வெள்ளையைப் பார்த்து மெச்சினார்கள். ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டார்.

திட்டுவதற்கு என்னிடம் இரண்டு மாசத்துச் சரக்கு இருந்தது. கணவர் அப்படியே மண்டியிட்டபடி, "உன்னைப் போய் கால் கால்னு சொன்னேனே" என்றதும் பாதி கரைந்துவிட்டது. மீதியை வீட்டுக்கு வந்து திட்டினேன். மெக்கானிக் மூன்று டீயோடு வந்து, என் கையிலிருந்த துணியைப் பார்த்தும் பாராதவர்போல, "டீ ஆறிடும்" என்றார். அப்புறம், "இன்னொரு வாட்டி எண்ணிரலாங்களா?" என்று கேட்டார். என் கணவர் சாவியை என்னிடம் நீட்டினார்.

மதகில் அழுத்தினேன். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. பனைமரம் வந்தபோது எண்ணுகிறவர் பதினான்கில்தான் இருந்தார்.

இப்போது அவர் அந்தத் தகரக் கொட்டகையில் இல்லை. மகள் வீட்டோடு மேல்பட்டாம்பாக்கம் பக்கம் போய், அங்கே இதைவிடப் பெரிய கொட்டகை போட்டிருக்கிறார். வெள்ளைச் சட்டைக்கு அங்கே ஆயுள் அதிகமாம். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கொட்டகை அல்ல, துணி கிடைத்ததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குவார்ட்டர்ஸ் வாசல்.

வண்டி பார்க்க வரச்சொன்ன மனிதர் வந்துவிட்டார். ரிட்டயரானவர், இரண்டு பிளாக் தள்ளி வீடு. வரவேண்டாம் என்று சொல்ல மறந்துபோனோம். வண்டியை ஒரு சுற்று சுற்றி, டயரை உதைத்துப் பார்த்து, "லேடீஸ் ஓட்டின வண்டிதானே? கிளட்ச் போயிருக்குமே" என்றார்.

"விக்கலைங்க" என்றார் என் கணவர்.

"வரச் சொன்னீங்களே?"

"சொன்னது தப்புங்க. உக்காருங்க, காபி சாப்பிட்டுப் போகலாம்."

அப்போதுதான் மொபெட் சத்தம் கேட்டது. துவைத்த வெள்ளைச் சட்டையில் இவர். எங்கள் வண்டியில் ஏதோ மறந்து வைத்துவிட்டார் போல என்று நினைத்தேன். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். வெள்ளிக்கெழம மதகாண்ட வண்டில உக்காந்தனே, மொத ஓட்டத்துல நான் வண்டியப் பாக்கலைங்க. குனிஞ்சிகினு உங்க எடது காலத்தான் பாத்துகினு வந்தேன். கிளட்ச் மேல வச்சிகினு ஓட்டுறீங்களோன்னு. எல்லாரும் நெனச்சதத்தான் நானும் நெனச்சேன். தப்பு என்னுது."

"அண்ணே, நீங்க சொல்லலைன்னா அது எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றேன்.

"எனக்குத் தெரியுமில்லங்க."

இரண்டு மாசமாக எத்தனை பேர் என் காலைப் பற்றிப் பேசினார்கள்! வாய்விட்டுச் சொன்ன அந்த மூவரும், எதிர் பிளாக் மாமாவும், என் தம்பியும் இன்றுவரை அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லாத மனிதர், மனசில் நினைத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமையில் மொபெட் ஏறி வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான்.

வண்டி வாங்க வந்தவர் விடுவதாக இல்லை. "அப்போ கிளட்ச் எப்படி இருக்கு?" என்று இவரைக் கேட்டார்.

"கிளட்ச் புதுசாட்டம் இருக்குதுங்க" என்றார் இவர். மொபெட்டைத் திருப்பினார். திருப்பியவர் ஒரு கணம் நின்று, வாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அது மேல கால் வச்சிகினு ஓட்டுற ஆளு இல்லைங்க இவங்க" என்றார்.

ஆளைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். காபி கலக்கிக்கொண்டு நான் வெளியே வருவதற்குள் மொபெட் பிளாக் முனையைத் தாண்டிவிட்டது.